முக்கொம்பில் பிரியும் காவிரி: ஆற்றைச் செதுக்குவது பெருவெள்ளமா, அன்றாட ஓட்டமா?

#1 முசிறியான்

முசிறிக்கும் குளித்தலைக்கும் நடுவில் காவிரி அகண்டு கிடக்கிறது. இக்கரையில் நின்றால் அக்கரையில் துணி துவைக்கிறவர்கள் புள்ளிகளாகத்தான் தெரிவார்கள். அதே ஆறு பூம்புகாரில் கடலைத் தொடும்போது ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆறு போகப் போக அகலும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். திருச்சிக்கு மேலே முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என்று பிரியும் இரண்டு கைகளில் கொள்ளிடம்தான் ஆள் பெரியது. அப்படியானால் உண்மையான காவிரி எது?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அடுத்த சில நாட்களில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் போயின. "வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது" என்று ஒரே வரியில் எல்லோரும் முடித்துவிட்டார்கள். வெள்ளம் ஆற்றை என்னதான் செய்கிறது? வருஷத்தில் சில நாள் வந்து போகிற வெள்ளமா, மீதி நாளெல்லாம் ஓடுகிற தண்ணீரா, எது ஆற்றின் உருவத்தைத் தீர்மானிக்கிறது?

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "இயற்கையின் சீற்றம்" என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.

#2 மதகடி

தம்பி, பாசனப் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு நம் குழுவில் இருக்கிற நிலவியல்காரர்கள் வரட்டும்.

முக்கொம்புக்குக் கீழே இரண்டு கைகளும் ஸ்ரீரங்கம் தீவை அணைத்துக்கொண்டு ஏறத்தாழ 30 கி.மீ. போகின்றன. கொள்ளிடத்துக்குக் கடலுக்குப் போகிற வழி நேரானது, சரிவும் அதிகம். காவிரிக்குச் சரிவு குறைவு. கல்லணைக்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கிளை கிளையாகத் தண்ணீரைப் பிரித்து விட்டுக்கொண்டே போகிறது. வெண்ணாறு கல்லணையிலேயே தனியாகப் போய்விடுகிறது. பூம்புகாரில் நீங்கள் பார்ப்பது பிரித்தது போக மிச்சம். அதனால்தான் அந்த அளவு.

இனி மணலுக்கு வருவோம். வேகம் குறைந்த தண்ணீர் மணலைச் சுமக்காது, இருக்கிற இடத்திலேயே இறக்கிவிடும். காவிரியின் தலைப்பு, அதாவது முக்கொம்பில் அது பிரிகிற வாய், அப்படித்தான் வருஷத்துக்கு வருஷம் மேடிட்டது. அது மேடிட மேடிடக் கொள்ளிடத்துக்குப் போகிற தண்ணீர் கூடியது. தண்ணீர் கூடியதால் கொள்ளிடம் இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டது. ஆழமானதால் இன்னும் அதிகத் தண்ணீரை இழுத்தது. இப்படியே விட்டிருந்தால் காவிரி ஒரு பழைய தடமாகிப் போயிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பாசனம் தள்ளாடியதற்கு இதுதான் காரணம். நிலவரி குறைகிறதே என்று கம்பெனி அரசுக்குக் கவலை வந்தது. குடியானவனின் கவலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு எப்போதும் பிடித்த பகுதி. அணை வேலை செய்தது, அளவுக்கு மீறியே செய்தது. காவிரிக்குள் தண்ணீர் அதிகம் நுழைந்து அதன் அடி அரிபட்டு இறங்கத் தொடங்கியது. பத்து வருஷம்கூட ஆகவில்லை, ஆறு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. காவிரிக்குள் போகிற வெள்ளத்துக்கு அளவு வைக்க 1840களில் காவிரித் தலைப்பிலும் குறுக்கே கட்ட வேண்டியதாயிற்று.

கரிகாலன் பெயரில் வழங்கும் கல்லணையும் இதே வேலையைத்தான் செய்கிறது, இடம் மட்டும் வேறு. ஸ்ரீரங்கம் தீவு முடிகிற இடத்தில் காவிரி வடக்கே இறங்கிக் கொள்ளிடத்துக்குள் விழப் பார்க்கும். அந்த வாயைத்தான் கல்லணை மறிக்கிறது. மிஞ்சிய வெள்ளம் மட்டும் கொள்ளிடத்துக்குத் தள்ளப்படும்.

எது உண்மையான காவிரி என்று ஆற்றிடம் கேட்டால் கொள்ளிடத்தைக் காட்டும். கும்பகோணத்தில் கேட்டுப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

#3 எதிர்க்கேள்வி

மதகடி ஐயாவின் பதிவைப் படித்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஆற்றை மாற்றுவது பெருவெள்ளம் மட்டுமே. 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் முடிந்தது கதை. மற்ற நாட்களில் ஓடுகிற தண்ணீர் படம் எடுத்துப் போடத்தான் லாயக்கு.

#4 வண்டல்

ஆற்று நிலவடிவவியலில் ஆராய்ச்சி செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கேள்வி சார் சொல்வதைத்தான் நிலவியலாளர்களும் நெடுநாள் நம்பினார்கள். 1960-இல் வோல்மன், மில்லர் என்ற இருவர் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வெள்ளம் எவ்வளவு மண்ணை நகர்த்துகிறது என்பதை, அது எத்தனை முறை வருகிறது என்பதோடு பெருக்கினார்கள். நூறு வருஷத்தில் ஒரு முறை வருகிற வெள்ளம் ராட்சத வேலை செய்யும். ஆனால் அது நூறு வருஷத்தில் ஒரு முறைதான் வரும். கோடையில் முழங்கால் அளவு ஓடுகிற தண்ணீர் வருஷமெல்லாம் இருக்கிறது, மணலை அசைக்கத்தான் அதற்குத் தெம்பு கிடையாது. இரண்டுக்கும் நடுவில், கரையைத் தொட்டுக்கொண்டு நிரம்ப ஓடுகிற வெள்ளம் ஒன்று உண்டு. பல ஆறுகளில் வருஷத்துக்கு ஒரு முறை, அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அது வரும். மொத்தக் கணக்கில் அதிக மண்ணைச் சுமந்தது அதுதான். ஆற்றின் அகலமும் ஆழமும் பெரும்பாலும் அந்த வெள்ளத்துக்கு ஏற்றபடிதான் அமைகின்றன.

இதற்குக் காரணம், மணல் சுமக்கும் திறன் தண்ணீரின் அளவோடு ஒரே சீராகக் கூடுவதில்லை. ஓட்டம் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்கு வரைகூடப் போகலாம். ஆகவே கரை நிரம்ப ஓடுகிற ஒரு வாரம், சும்மா ஓடுகிற ஆறு மாதத்தை விட அதிகம் செய்துவிடும்.

ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் அமெரிக்க ஆறுகளை வைத்துப் போட்டது. பருவமழை ஆறுகளுக்கு அதை அப்படியே ஒட்டிவிட முடியாது. நம் ஆறுகளில் வறண்ட மாதத்துக்கும் வெள்ள மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அதோடு பாறையில் ஓடுகிற பகுதியின் நியாயமே வேறு. ஒகேனக்கல்லுக்குப் போனவர்கள் பாறையில் உரல் மாதிரி வட்டமான குழிகளைப் பார்த்திருப்பீர்கள். கூழாங்கல் உள்ளே அகப்பட்டு, வெள்ளத்தின் சுழிப்பில் சுற்றிச் சுற்றிக் குடைந்தவை அவை. சாதாரண ஓட்டத்தில் அந்தக் கல் அசையவே அசையாது. அங்கே பெருவெள்ளம்தான் தச்சன். முசிறியின் மணற்படுகையில் ஆண்டுதோறும் வருகிற வெள்ளம். ஒரே ஆற்றிலேயே இடத்துக்கு இடம் பதில் மாறும்.

#5 எதிர்க்கேள்வி

மணலை அசைக்கத் தெம்பு வேண்டும் என்கிறீர்கள். களிமண் மணலை விட நுண்ணியது. அப்படியானால் லேசான ஓட்டமே களிமண் கரையைக் கரைத்துவிட வேண்டுமே?

#6 வண்டல்

கரைக்காது. 1935-இலேயே ஹியூல்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன்காரர் இதை வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார். எளிதில் அரிபடுவது நடுத்தர மணல்தான். களிமண் துகள்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதால் அவற்றைப் பெயர்க்க அதிக வேகம் தேவைப்படும். ஆனால் ஒரு முறை பெயர்ந்துவிட்டால், மிக மெதுவான தண்ணீரிலும் நாள் கணக்கில் மிதந்து போகும்.

டெல்டா நிலம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கும் இதில் பதில் கிடைக்கிறது. வெள்ளம் கரை புரண்டதும் வேகம் சட்டென்று குறையும். கனமான மணல் கரையோரத்திலேயே விழுந்துவிடும். மெல்லிய களி மட்டும் தூரத்து வயல் வரை போய் மெல்லப் படியும். இப்படியே நூற்றாண்டுக்கணக்கில் நடந்தால் ஆற்றோரம் மேடாகவும், ஆற்றிலிருந்து விலகிய இடம் தாழ்வாகவும் ஆகிவிடும். திருவையாறு பக்கம் ஆற்றோரப் படுகையில் வாழையும் வெற்றிலையும், உள்ளே தள்ளித் தாழ்வான களிமண்ணில் நெல்லும் இருப்பது யாரோ திட்டம் போட்டுச் செய்தது மாதிரித் தெரியும். நிலத்தை அப்படி வகுத்துக் கொடுத்தது வெள்ளம்.

#7 படுகை விவசாயி

வண்டல் அம்மா எழுதியது சரிதான். எங்கள் பக்கம் கிணறு வெட்டினால் நேரிலேயே பார்க்கலாம். மேலே பழுப்புக் களி. அதற்குக் கீழே திடீரென்று வெள்ளை ஆற்றுமணல், அதிலே சிப்பித் துண்டு கிடக்கும். அதற்கும் கீழே மறுபடி கறுப்புக் களி. ஆறு இருக்கிற இடத்துக்கும் கிணற்றுக்கும் நல்ல தூரம். இந்த மணல் இங்கே எப்படி வந்தது என்று கிணறு வெட்டுகிறவர் யாரும் கேட்பதில்லை. மணல் வந்தால் நல்ல தண்ணீர் வரும் என்று சந்தோஷப்படுவார்கள், அவ்வளவுதான்.

என் கேள்வி வேறு. கொள்ளிடக் கரையில் எனக்கு வாழை இருக்கிறது. ஆறு வளைகிற இடத்தில் வெளிப்பக்கம் என் நிலம். எதிர்க்கரையில் வருஷத்துக்கு வருஷம் மணல்மேடு வளர்கிறது, எனக்கோ குறைகிறது. வெள்ளம் ஏறி வருகிற நாளெல்லாம் கரை அசையாமல் நிற்கும். தண்ணீர் வடிய ஆரம்பித்ததும்தான் ஆபத்து. முதலில் கரை விளிம்புக்கு உள்ளே, ஆற்றுக்கு இணையாக ஒரு கோடு மாதிரி வெடிப்பு தெரியும். கைவிரல் நுழைகிற அளவுதான். மறுநாள் காலையில் போனால் அந்தக் கோட்டோடு பலகை மாதிரி அப்படியே கழன்று, வாழை மரம் நின்றது நின்றபடி ஆற்றுக்குள் இறங்கியிருக்கும். வேர் கூட அறுபட்டிருக்காது. வெள்ளம் போன பிறகு ஏன் விழ வேண்டும்? சவுக்குக் கட்டை அடித்து மணல் மூட்டை போட்டும் பார்த்துவிட்டேன்.

#8 வண்டல்

அண்ணா, உங்கள் பதிவில் இரண்டு செய்தி இருக்கிறது. வளைவை முதலில் சொல்கிறேன்.

ஐன்ஸ்டைன் 1926-இல் ஆறுகள் ஏன் வளைந்து வளைந்து ஓடுகின்றன என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். தேநீர்க் கோப்பையில் இலைத்தூள் கிடக்கும்போது கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்துப் பாருங்கள் என்று அதில் தொடங்குகிறார். தூள் ஓரத்துக்கு ஒதுங்கும் என்றுதான் நினைப்போம். அது அடியில் நடுவில் வந்து குவியும். மேல்தண்ணீர் வேகமாகச் சுற்றி வெளிப்பக்கம் தள்ளப்படும். அடித்தண்ணீர் கோப்பையின் தரையில் உராய்ந்து வேகம் குறைவதால் உள்பக்கம் திரும்பும். தூளையும் இழுத்துக்கொண்டு வரும். ஆற்று வளைவிலும் இதுதான் நடக்கிறது. மேலோட்டம் உங்கள் கரையில் மோதி அடியில் பள்ளம் பறிக்கிறது. அடியோட்டம் மணலை எதிர்க்கரைப் பக்கம் ஒதுக்கிப் போடுகிறது. எதிர்க்கரைக்கு வருகிற மணல் பெரும்பாலும் ஆற்றில் மேலே இருக்கிற வளைவுகளில் பறித்தது. உங்கள் மண் கீழே வேறு யாருக்கோ போகிறது.

இனி வடியும்போது சரிவது. வெள்ளம் நிற்கிற நாட்களில் கரைக்குள் தண்ணீர் ஊறி மண் கனத்துவிடுகிறது. அப்போது ஆற்றுத் தண்ணீரின் அழுத்தமே கரையை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கிறது. ஆறு சட்டென்று இறங்கினால் அந்தத் தாங்கல் போய்விடும். கரைக்குள் ஊறிய தண்ணீர் அதே வேகத்தில் வெளியேறாது, உள்ளே இருந்து தள்ளும். அடியில் ஏற்கனவே பள்ளம் பறித்தாயிற்று. வெடிப்பு தெரிந்த பிறகு மேலே மூட்டை போட்டால் கனம்தான் கூடும். கல்லோ மூட்டையோ வளைவின் அடிப்பாதத்தில் இருக்க வேண்டும், அதுவும் தண்ணீர் இறங்கிய காலத்திலேயே போட்டிருக்க வேண்டும்.

அணையிலிருந்து திறப்பைப் படிப்படியாகக் குறைக்காமல் ஒரேயடியாகக் குறைத்தால் இது இன்னும் மோசமாகும்.

#9 மதகடி

கடைசி வரிக்கு என் கையெழுத்து. 2018-இல் முக்கொம்பு மதகுகள் விழுந்த ஆகஸ்ட் 22-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி வரை வந்துகொண்டிருந்த நாட்களில் அணை நின்றது. திறப்பு குறைந்து வெள்ளம் வடிகிற நேரத்தில், சாயங்காலம், விழுந்தது. ஊரே வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு.

பாலத் தூண் கதையும் சொல்கிறேன். அந்த இரும்புப் பாலம் 1928-இல் கட்டியது. தூணில் மோதுகிற தண்ணீர் கீழ்நோக்கித் திரும்பி, தூணின் அடியைச் சுற்றிச் சுழித்து மணலைத் தோண்டும். வெள்ளத்தின் உச்சத்தில் குழி மிக ஆழமாக இருக்கும். வடியும்போது மேலிருந்து வருகிற மணல் அதே குழியை மூடிவிடும். கோடையில் ஆய்வுக்குப் போகிறவர் கண்ணுக்குத் தூணைச் சுற்றிச் சமதளமான மணல்தான் தெரியும், "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிவிட்டு வருவார். அந்த மணல் புதிதாக விழுந்த இளக்கமான மணல். அடுத்த வெள்ளத்தில் முதல் வேலையாக அது போய்விடும். அளவு எடுக்க வேண்டியது வெள்ளம் ஓடும்போது, பாலத்தின் மேலிருந்து எடையைக் கட்டி இறக்கி. என் காலத்தில் இதை வற்புறுத்திக் கெட்ட பெயர் வாங்கியவர்கள் உண்டு.

#10 காவிரிமகன்

எல்லாம் சரி, கர்நாடகம் தண்ணீரே விடாதபோது வெள்ளத்தைப் பற்றி என்ன பேச்சு? முதலில் நடுவர் மன்றத் தீர்ப்பை...

#11 மட்டுறுத்துநர்

பங்கீட்டு விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறது, 400 பதிவுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போய்ச் சண்டை போடவும். #10-இன் மீதிப் பகுதி வெட்டப்பட்டது.

#12 கோசிக்கரை

வேலை நிமித்தமாகப் பல வருஷம் பீகாரில் இருந்தவன். நீங்கள் எல்லோரும் வெள்ளத்தின் அளவையே பேசுகிறீர்கள். கோசி ஆற்றைப் பார்த்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

கோசி இமயமலையிலிருந்து கொண்டுவருகிற மண்ணுக்கு அளவே கிடையாது. இருநூறு வருஷத்துக்கும் மேலாகக் கிழக்கிலிருந்து மேற்கே 100 கி.மீ.க்கு மேல் நகர்ந்துகொண்டே வந்த ஆறு அது. 1950களில் தொடங்கி இரண்டு பக்கமும் கரை போட்டு, "இனி நகராதே" என்று சொன்னார்கள். ஆறு நகரவில்லை. மண் வருவதும் நிற்கவில்லை. பரந்த சமவெளியில் படிய வேண்டியதெல்லாம் இரண்டு கரைகளுக்கு நடுவிலேயே படிந்து, ஆற்றின் அடி வெளியே இருக்கிற ஊர்களை விட உயர்ந்துவிட்டது.

2008 ஆகஸ்ட் 18, நேபாளத்தில் குசாஹா என்ற இடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. அன்று ஆற்றில் ஓடியது ஏறத்தாழ 1.44 லட்சம் கன அடி. தடுப்பணையும் கரைகளும் 9.5 லட்சத்துக்கு வடிவமைக்கப்பட்டவை! ஆறில் ஒரு பங்கு கூட இல்லாத தண்ணீரில் ஆறு இடம் மாறி, கிழக்கே 120 கி.மீ. வரை தள்ளிப் பழைய தடங்களில் ஓடியது. வெள்ளம் என்றால் என்ன என்றே மறந்துபோன ஊர்களுக்குள் நுழைந்தது. முப்பது லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு.

சாயத் தயாராக நின்ற ஆற்றுக்குப் பெரிய தள்ளல் தேவைப்படவில்லை. எதிர்க்கேள்வி நண்பர் #3-இல் எழுதியதை இதோடு வைத்துப் பார்க்கட்டும்.

#13 எதிர்க்கேள்வி

பார்த்தேன். கரை பராமரிப்பில் கோட்டை விட்டதை ஆற்றின் தலையில் கட்டுகிறீர்களோ என்று தோன்றுகிறது. கோசி இமயமலை ஆறு, மண் சுமை கொள்ளாதது. காவிரிக்கு அதை எப்படிப் பொருத்துவது?

#14 மதகடி

அளவைப் பொருத்த முடியாது. முறையைப் பொருத்தலாம். முக்கொம்புக்கு நெருங்கிய உறவு என்று பார்த்தால் அமெரிக்காவில் மிசிசிப்பிதான். அது தன் கீழ்ப்பகுதியை விட்டுவிட்டு, கடலுக்குக் குறுக்குவழியான அட்சஃபலாயா ஆற்றுக்குள் மொத்தமாகப் போய்விடப் பார்த்தது. அதே கதைதான்: ஒரு கைக்கு வழி நீளம், மறு கைக்குச் சரிவு அதிகம். 1963-இல் பிரிகிற இடத்தில் கட்டுமானம் எழுப்பி, நூற்றுக்கு 30 பங்குதான் அட்சஃபலாயாவுக்கு என்று வரையறுத்தார்கள். 1973 வெள்ளத்தில் அந்தக் கட்டுமானத்தின் பக்கச் சுவர் ஒன்று சாய்ந்தது, அடியில் பெரும்பள்ளம் பறித்துவிட்டது. தலை தப்பியது. காட்டன் முக்கொம்பில் இதே வேலையைச் செய்து அப்போது 137 வருஷம் ஆகியிருந்தது. அவருக்குக் கான்கிரீட்டும் கிடையாது, மாதிரி ஆய்வுக்கூடமும் கிடையாது.

பராமரிப்பு பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. குசாஹாவில் அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அடி மேடிட்ட ஆற்றுக்குக் கரை கட்டினால் பராமரிப்பு என்பது முடிவில்லாத வேலை. ஒரு வருஷம் கண் அசந்தால் போயிற்று.

#15 சரளைக்கல்

நான் கேட்க வேண்டியதை இதுவரை யாரும் கேட்கவில்லை. வெள்ளம், வளைவு, ஐன்ஸ்டைன் எல்லாம் பேசிவிட்டீர்கள். ஆற்றில் மணல் எங்கே? இரவெல்லாம் லாரி போன சத்தத்தில் தூங்காத ஊர்க்காரன் கேட்கிறேன். ஆற்றின் உருவத்தை வெள்ளமா மாற்றியது, பொக்லைனா?

#16 வண்டல்

இரண்டும் சேர்ந்துதான். முதல் வேலையை அணைகள் செய்தன.

கிருஷ்ணராஜ சாகர் 1931, மேட்டூர் 1934, பவானிசாகர் 1955. அணைகள் வெள்ளத்தைப் பிடிக்கின்றன, வெள்ளத்தோடு வருகிற மணலையும் பிடிக்கின்றன. மேட்டூருக்கு வருகிற ஆறு நீர்த்தேக்கத்தில் மண்ணை இறக்கிவிட்டு வெறுங்கையோடு கீழே போகிறது. சுமை இல்லாத தண்ணீருக்குச் சுமக்கும் தெம்பு அப்படியே இருக்கிறது, அதனால் கீழே இருக்கிற படுகையைத்தான் அது அரித்து எடுக்கும். மேட்டூருக்குக் கீழே காவிரிக்குப் புது மணல் தரக்கூடியவை பக்கத்திலிருந்து வந்து சேரும் ஆறுகளும் ஓடைகளும்தான். கொல்லிமலையிலிருந்து ஆகாய கங்கையாக விழுந்து புளியஞ்சோலை வழியாக வரும் ஐயாறு மாதிரி. மலையோடையில் ஒரு நாள் கனமழை பெய்தால், பாறைகளுக்கு நடுவில் பல மாதம் சேர்ந்து கிடந்த சரளையும் மணலும் ஒரே இரவில் கீழே இறங்கும். அந்த ஓடைகளிலும் தடுப்பணை கட்டிவிட்டோம்.

அடுத்து மணல் குவாரி. படுகையில் பத்தடிப் பள்ளம் எடுத்தால் அந்தப் பள்ளம் எடுத்த இடத்திலேயே இருக்கும் என்று நினைக்கிறார்கள். வெள்ளம் வரும்போது பள்ளத்தின் மேல்விளிம்பில் தண்ணீர் செங்குத்தாக விழும். விழுகிற இடம் அரிபட்டு விளிம்பு பின்வாங்கும். அப்படியே அது ஆற்றின் மேல்நோக்கி நடந்து போகும். பல வருஷம் கழித்து, மேலே இருக்கிற பாலத் தூணின் காலடியில் போய் நிற்கும். பள்ளத்துக்குள் விழுந்த மணலோ அதை நிரப்பவே சரியாக இருக்கும், கீழே போகாது. மேலே இருப்பவனுக்கு அடி இறங்குகிறது, கீழே இருப்பவனுக்கு மணல் வரத்து நிற்கிறது. அடி இறங்கினால் நிலத்தடி நீரும் கூடவே இறங்கும். கழிமுகத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் மேலேறும்.

2018-இல் விழுந்தவற்றுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மேலணைக்கு வயது 182, பாலத்துக்கு 90. ஆனால் அடி இறங்கிய ஆற்றில் அஸ்திவாரம் எந்தக் கணக்கில் போட்டதோ அந்தக் கணக்கு செல்லாது.

#17 படுகை விவசாயி

மணல் போனதோடு முடியவில்லை அம்மா. மணல் இல்லாத இடத்தில் சீமைக்கருவேலம் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பெல்லாம் திட்டில் நாணல்தான் இருக்கும். பெரிய வெள்ளம் வந்தால் நாணல் படுத்துக்கொள்ளும், தண்ணீர் மேலேயே போய்விடும். கருவேலம் படுக்காது. வருகிற செத்தையையெல்லாம் பிடித்துக்கொண்டு, பின்னால் மண்ணைச் சேர்த்துத் திட்டை மேலும் உயர்த்துகிறது. நட்டாற்றில் போக வேண்டிய ஓட்டம் இரண்டாகப் பிரிந்து கரையில் வந்து மோதுகிறது. என் வாழை போனதில் அந்தத் திட்டுக்கும் பங்கு உண்டு.

#18 வண்டல்

மிகச் சரியான கவனிப்பு. அணைக்குக் கீழே உள்ள ஆறுகளில் உலகம் முழுக்க நடப்பது இதுதான். வருஷா வருஷம் திட்டுகளைத் துடைத்துவிட்டுப் போகும் நடுத்தர வெள்ளத்தை அணை விழுங்கிவிடுகிறது. சில வருஷம் துடைப்பு இல்லாமல் போனால் செடி மரமாகிவிடும், மரம் மண்ணைப் பிடித்துவிடும். பிறகு அணை நிரம்பி 2 லட்சம் கன அடி திறக்கும்போது, அந்தத் தண்ணீர் பழைய ஆற்றைத் தேடி வருகிறது. அங்கே இருப்பதோ குறுகிப்போன ஆறு. #4-இல் சொன்ன வோல்மன் கணக்கில் நடுவில் இருந்த வேலைக்காரனை நாம் எடுத்துவிட்டோம். மிஞ்சியிருப்பது வேலை செய்யாத சிறு ஓட்டமும், எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பார்க்கிற பெருவெள்ளமும்.

#19 எதிர்க்கேள்வி

அதைத்தான் நான் #3-இல் வேறு வார்த்தையில் சொன்னேன். இன்றைய காவிரிக்காவது என் பதில் பொருந்துகிறது என்று எழுதிவிடுங்கள், கிளம்பிவிடுகிறேன்.

#20 வண்டல்

இன்றைய கொள்ளிடத்துக்கு முக்கால்வாசி பொருந்துகிறது. சார், கிளம்பாதீர்கள். கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

#21 அணைக்கரையான்

அணைக்கரையில் இருக்கிற கீழணைக்கும் கீழே இருப்பவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் என்று கொள்ளிடத்தின் இரண்டு கரைகளுக்குள்ளேயே ஊர்கள் இருக்கின்றன. ஆறு தானே போட்ட மண்மேட்டில் குடியேறிய ஊர்கள். மண் அருமையான மண். மேட்டூர் நிரம்பி வழிகிற வருஷமெல்லாம் முகாமுக்குப் போய்வர வேண்டும். "ஏன் அங்கே இருக்கிறீர்கள்?" என்று தொலைக்காட்சிக்காரர்கள் கேட்கிறார்கள். வெள்ளம் வந்ததால்தான் அந்த நிலமே இருக்கிறது என்பதை ஒரு நிமிஷச் செய்தியில் எப்படிச் சொல்வது?

#22 முசிறியான்

கேள்வியைப் போட்டுவிட்டு வாயடைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. மதகடி ஐயாவிடம் ஒன்று: 2018-க்குப் பிறகு பழைய மேலணைக்குச் சற்றுக் கீழே புதிய கதவணை கட்டிவிட்டார்கள். இனிக் கொள்ளிடம் காவிரியை விழுங்காது என்று நம்பலாமா?

#23 மதகடி

கதவணை இருக்கிறவரை விழுங்காது. ஆனால் கதவணை தண்ணீரைத்தான் பங்கிடும், மணலைப் பங்கிடத் தனியாக யோசிக்க வேண்டும். கதவுகளைத் திறக்கிற வரிசையில் நிறைய இருக்கிறது. ஒரு பக்கக் கதவுகளையே எப்போதும் திறந்தால் அந்தப் பக்கம் பள்ளமும் மறுபக்கம் திட்டும் உண்டாகும். கதவணைக்குக் கீழே தண்ணீர் விழுகிற தளத்தை ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அளந்து, பெயர்ந்த கல்லைத் திரும்பப் போட வேண்டும். முக்கொம்புக்கு மேலும் கீழும் ஆற்றின் குறுக்குவெட்டை வருஷா வருஷம் ஒரே இடங்களில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், எந்தக் கை மேடிடுகிறது, எந்தக் கை இறங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்தே பார்க்க விரும்புகிறவர்கள் கூகுள் எர்த்தில் 1984 முதல் இன்று வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஓட்டிப் பாருங்கள். முக்கொம்பிலிருந்து அணைக்கரை வரை கொள்ளிடத்தின் மணல்திட்டுகள் எப்படிப் பச்சையாகின்றன என்பதையும், வளைவுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதையும் கண்ணால் பார்க்கலாம். படுகை விவசாயி, உங்கள் வயல் இருக்கிற வளைவையும் அதில் பார்த்துவிட்டு, கல் எங்கே போடுவது என்று முடிவு செய்யுங்கள். அரிப்பு வளைவின் உச்சியில் இருக்காது, பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே தள்ளித்தான் அதிகமாக இருக்கும்.

#24 படுகை விவசாயி

பார்த்தேன் ஐயா, மகன் கைப்பேசியில் போட்டுக் காட்டினான். நான் மூட்டை போட்டது உச்சியில். இந்தக் கோடையில் கீழே தள்ளிப் போடுகிறேன். வெண்ணாற்றிலும் இதே மாதிரிதானா? மைத்துனனுக்கு அங்கே நிலம் இருக்கிறது.

#25 மட்டுறுத்துநர்

வெண்ணாற்றுக்குத் தனி இழை தொடங்கவும். இந்த இழையை நிலைநிறுத்தியிருக்கிறேன், பூட்டவில்லை.